மாமாவுக்குச் சொல்லியாச்சு

வலங்கைமான் பரணிதரனுக்கு வயது நாற்பத்தாறு. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். என்ன பாடம் என்று உறவுக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று ஒற்றைச் சொல்லில் தப்பித்துக்கொள்வான். அவர்களும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் மட்டும் கூப்பிடுவார்கள்.

உண்மையில் அவன் பி.எச்டி. வாங்கியது கொஞ்சம் நுணுக்கமான சமாசாரத்தில். ஆயிரக்கணக்கான கணினிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தலைமை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தன் பக்கத்தில் இருப்பவற்றை மட்டும்தான் தெரியும். இந்த நிலைமையில் ஒரு செய்தி எல்லாவற்றுக்கும் சீக்கிரமாகப் போய்ச் சேர, ஒவ்வொரு கணினியும் எந்த விதிப்படி நடந்துகொள்ள வேண்டும்? அந்த விதிகளை வகுப்பதுதான் அவன் தொழில். அதிவேக வலைப்பின்னல்களில் கம்பிக்குள் செய்தி ஓடுகிற நேரம் ஒரு பொருட்டே இல்லை. நடுவில் இருக்கிற கணினி அதை வாங்கி, பிரித்து, படித்து, அடுத்ததற்குத் தள்ளிவிடும் நேரம்தான் கழுத்தை அறுக்கிறது என்பது அவன் வகுப்பில் சொல்லும் முதல் வாக்கியம். ஆகவே ஒரு செய்தி ஒரு கணினிக்கு ஒரு தடவைதான் போக வேண்டும். இரண்டாவது தடவை போனால் அது வீண்.

வீண் என்ற சொல் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டில் யாராவது ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னால் "முதல் தடவையே கேட்டுச்சு" என்பான். அவன் மனைவி விஜயலட்சுமி இந்தப் பதினெட்டு வருஷத்தில் தந்தி மாதிரி பேசப் பழகிவிட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் அப்பா இறந்தபோதுதான் அந்த விபரீத யோசனை வந்தது. அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் போனும் கையுமாக இருந்தார்கள். ஒவ்வொரு போனும் பத்து நிமிஷம். எடுத்தவுடன் அழுகை, பிறகு எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு, நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு, மறுபடி அழுகை. புதுக்கோட்டை அத்தைக்கு ஒன்பது பேர் ஒரே சேதியைச் சொல்லியிருந்தார்கள். பரணிதரன் துக்கத்திலும் எண்ணினான். உறவு வீடுகள் நூற்றுப் பதினெட்டு. போன்கள் எழுநூற்றுச் சொச்சம். போன் ஒரு நொடியில் போய்விடுகிறது, நடுவில் இருக்கிற மனுஷர்தான் நேரத்தைத் தின்கிறார். அட, இது என் கணக்குத்தானே என்று அவனுக்குப் பட்டது.

காரியம் முடிந்த கையோடு உட்கார்ந்து வரைந்தான். எந்த வீட்டில் சாவு விழுகிறதோ அந்த வீட்டிலிருந்து ஆரம்பித்து, யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள். ஒருவர் அதிகபட்சம் மூன்று பேருக்குச் சொன்னால் போதும். அந்த மூன்று பேருக்கும் அவரே சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது. உறவுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பெரியப்பா ரெத்தினம் ஒரு நாள் காலை ஆறு பத்துக்குப் போனார். ஆறு முப்பத்துநாலுக்குக் கடைசி வீட்டுக்குச் சேதி சேர்ந்தது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. "பரணி சார்ட்" என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் தன் கட்டுரையை அவன் இந்தக் கதையோடுதான் தொடங்கினான். கைதட்டினார்கள்.

கைதட்டு வாங்கியவன் சும்மா இருப்பானா? முதல் சார்ட்டில், சேதி கிடைத்தவர் தனக்குக் கீழே இருப்பவர்களுக்கும் சொல்லி முடித்துவிட்டு, மேலே, தனக்குச் சொன்னவருக்கு, ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நூற்றுப் பதினேழு போன், நூற்றுப் பதினேழு மிஸ்டு கால். பாதிக்குப் பாதி வீண் என்று அதை எடுத்துவிட்டான். மேல்நோக்கி யாரும் கூப்பிட வேண்டாம், சாவு வீட்டுக்காரர் போன் ஓய்வாக இருக்கட்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டான். கட்டுரையில் இதற்கு ஒரு வரி உண்டு: இணைப்புகள் எதுவும் அறுந்துபோகாது என்று வைத்துக்கொள்வோம்.

தாள்களை எல்லாம் வருஷா வருஷம் அவன் அம்மா ஞானாம்பாளிடம் படித்துக்காட்டித்தான் சரிபார்த்தான். யாருக்கும் யாருக்கும் ஆகாது, யார் ஊர் மாறிவிட்டார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒரே ஒரு தாளை மட்டும் காட்டவில்லை. அம்மா செத்தால் யார் யாருக்குச் சொல்வது என்ற தாளை அம்மாவிடமே எப்படிக் காட்டுவது? அதை அவனாகவே போட்டுக்கொண்டான்.

இந்தத் தை மாதம், சம்பா அறுவடை மெஷின் வயலில் இறங்கியிருந்த வாரத்தில், விடியற்காலை ஐந்தரைக்கு ஞானாம்பாள் போய்விட்டாள். பால் காய்ச்ச எழுந்தவள் அடுப்படியிலேயே சரிந்துவிட்டாள். எழுபத்திரண்டு வயது.

பரணிதரன் அழுதான். அழுதுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனை எடுத்தான். அவன் தாளில் மூன்று பேர்: கும்பகோணத்தில் இருக்கும் அக்கா வானதி, பெரியப்பா மகன் புகழேந்தி, அப்புறம் அம்மாவின் பிறந்த ஊரான முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துக்குத் தியாகராசன் மாமா. அந்த ஊரில் அம்மாவுக்குச் சொந்தம் இரண்டே வீடு. ஒன்று கூடப்பிறந்த தம்பி சிங்காரவேலுவின் வீடு, இன்னொன்று சித்தப்பா மகன் தியாகராசனின் வீடு. இரண்டும் ஒரே தெரு. சிங்காரவேலு போனை மெதுவாகத்தான் எடுப்பார், எடுத்தால் விடமாட்டார் என்று அம்மா சொல்வாள். தியாகராசன் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார். ஆகவே தியாகராசனுக்குச் சொல்வது, அவர் பத்து வீடு தள்ளிப் போய்ச் சிங்காரவேலுவுக்குச் சொல்வது, சிங்காரவேலு தோஹாவில் நர்ஸாக இருக்கும் தன் மகள் செம்மொழிக்குச் சொல்வது. தாளில் அப்படித்தான் இருந்தது.

"மாமா, அம்மா போயிட்டாங்க. காலையில அஞ்சரைக்கு. உங்க ஊர்ல சொல்லிட்டுக் கிளம்பி வாங்க."

"ஐயையோ. தம்பி, ஒரு நிமிஷம், இங்க..."

பரணிதரன் வைத்துவிட்டான். பன்னிரண்டு நொடி.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குத் தியாகராசனிடமிருந்து போன் வந்தது. பேரைப் பார்த்து வெட்டினான். ஐந்து ஐம்பத்துநாலுக்கு மறுபடி வந்தது. மேல்நோக்கிக் கூப்பிடக் கூடாது என்று சொல்லியும் கேட்கமாட்டேன் என்கிறார்களே என்ற எரிச்சலோடு அதையும் வெட்டினான். தாய் செத்துக் கிடக்கும்போது மனுஷனுக்கு அந்த எரிச்சல் வருமா என்று கேட்டால், வந்தது.

பத்து மணிக்குள் வாசல் நிறைந்துவிட்டது. முத்துப்பேட்டையிலிருந்து தியாகராசன் குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கினார். சிங்காரவேலு வரவில்லை. பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. செத்தவள் பெண், பிறந்த வீட்டுக் கோடி போட்டுத்தான் எடுக்க வேண்டும். கூடப்பிறந்தவன் கொண்டுவரும் அந்தப் புதுச்சேலைக்காகப் பெண்கள் வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"போன வருஷம் காதுகுத்துல மாலை போடலன்னு சாப்பிடாமப் போனாரே. இன்னும் கோவம் தீரல போலருக்கு" என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். அது பந்தல் முழுக்கப் பரவியது.

புகழேந்தி வண்டிச் சாவியோடு வந்தான். "அண்ணே, நான் பைக்ல ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன். ஒன்றரை மணி நேரம்தான்."

"எதுக்கு? மாமாவுக்குச் சொல்லியாச்சு" என்றான் பரணிதரன்.

வானதி அழுது வீங்கிய முகத்தோடு போனைக் கையில் எடுத்தாள். "நான் ஒரு தடவ கேட்டுடறேன் தம்பி."

"சொன்னவருக்கே திரும்பத் திரும்பச் சொல்லி, வருந்தி வருந்திக் கூப்பிடணுமாக்கா? காலையில ஆறு மணிக்கே மாமாவுக்குச் சொல்லியாச்சு. வர்றவரு வருவாரு." இதை அவன் சற்று உரக்கவே சொன்னான். பந்தலில் எல்லாருக்கும் கேட்டது. வானதி போனை மடியில் போட்டுக்கொண்டாள்.

இரண்டரைக்குப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பிறந்த வீட்டு முறைக்குப் பங்காளி தியாகராசன் இருக்கிறாரே என்றார்கள். வலங்கைமான் கடைத்தெருவிலிருந்து ஒரு சேலை வந்தது. தியாகராசன் தயங்கித் தயங்கி அதை ஞானாம்பாள் மேல் போர்த்தினார். மூன்று மணிக்குத் தூக்கினார்கள்.

மறுநாள் காலை பால் தெளிக்கு எல்லாரும் குடமுருட்டி ஆற்றங்கரைச் சுடுகாட்டில் இருந்தபோது, மேட்டிலிருந்து ஒரு மஞ்சள் பையோடு சிங்காரவேலு இறங்கி வந்தார். அறுபத்தெட்டு வயது மனிதர், முதல் பஸ் பிடித்து, மன்னார்குடியில் மாறி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். சாம்பலில் பால் ஊற்றி ஆகியிருந்தது. அவர் பையிலிருந்து அரக்குச் சேலை ஒன்றை எடுத்தார். எதன் மேல் போடுவது என்று தெரியாமல் அதை வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க அக்கா செத்தத எனக்கு ஏன் மாப்ள சொல்லல?"

"சொல்லியாச்சே மாமா" என்றான் பரணிதரன்.

"யாரு சொன்னா? ராத்திரி எட்டரைக்கு எம்பொண்ணு தோஹாவுலேந்து கேக்குறா, அத்தையத் தூக்கியாச்சாப்பான்னு. யாரோ செல்லுல போட்டோ வெச்சிருந்தாங்களாம். அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

பரணிதரன் தியாகராசனைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள்.

"இவனா சொல்லுவான்? மடைத் தகராறுல ரெண்டு வருஷமா இவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நேத்து இவன் குடும்பத்தோட வேன்ல ஏறுனத வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க போறாங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல."

தியாகராசன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அந்த வாசலுக்குப் போய்ச் சொல்ல என்னால முடியாதுன்னு சொல்லத்தான் பரணிக்கு ரெண்டு தடவ போன் போட்டேன். எடுக்கல. வேற ஆள விட்டாவது சொல்லியிருக்கணும், அது என் தப்புதான். ஆனா இங்க வந்தா, மாமாவுக்குச் சொல்லியாச்சுன்னு பரணியே சத்தமாச் சொல்லுது. சரி, வேற யாரோ சொல்லிட்டாங்கன்னு இருந்துட்டேன். இவரு வாசல்ல நின்னதையும் கிளம்பத்தான் நிக்கிறாருன்னு நெனச்சேன். பரணியக் கேட்டுப் பாருங்க."

இப்போது எல்லாரும் பரணிதரனைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. இத்தனை சனத்துக்கு நடுவில், போன் வந்தது, பேரைப் பார்த்தேன், வெட்டினேன் என்று எப்படிச் சொல்வது?

"எனக்கு அப்படி எதுவும் வந்த மாதிரி ஞாபகம் இல்ல" என்றான்.

தியாகராசன் அவனை ஒரு கணம் பார்த்தார். அவ்வளவுதான்.

"கோடி நீ போடணும்னுதான மறைச்ச" என்றார் சிங்காரவேலு. அதையும் தியாகராசன் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சேதி பரவிய வேகத்தைச் சொல்ல வேண்டும். எந்தத் தாளும் இல்லாமல், எந்த விதியும் இல்லாமல், தியாகராசனின் துரோகம் ஒன்றரை நாளில் நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. சில வீட்டுக்குப் பத்துத் தடவை போயிற்று. ஒரு வீடு விடுபடவில்லை. தோஹாவுக்கும் போயிற்று.

பதினாறாம் நாள் வரைக்கும் பரணிதரன் வீட்டிலேயே இருந்தான். போனில் அந்த இரண்டு வரிகள் அப்படியே இருந்தன. 5.52. 5.54. பக்கத்தில் சின்னதாகச் சிவப்புக் குறி. அழித்துவிடலாம் என்று இரண்டு மூன்று தடவை விரலைக் கொண்டுபோனான். அழிக்கவும் தைரியம் இல்லை, எடுத்துக் காட்டவும் தைரியம் இல்லை. அவன் பாடத்தில் இதற்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு கணினி செத்துப்போனால் மற்றவை சமாளித்துக்கொள்ளும். உயிரோடு இருந்துகொண்டு, தனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி உறுதியாகச் சொல்லும் கணினிதான் மொத்த வலையையும் கெடுக்கும். பத்து வருஷமாக வகுப்பில் சிரித்துக்கொண்டே நடத்திய பாடம். அந்தக் கணினி எப்படி இருக்கும் என்று இப்போது கண்ணாடியில் தெரிந்தது.

விஜயலட்சுமிக்கு மட்டும் ஒரு மத்தியானம் போனைக் காட்டினான். அவள் பார்த்தாள். வழக்கம்போலச் சுருக்கமாகச் சொன்னாள்.

"சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது?"

"அத நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அதே சனம் வந்தது. தியாகராசனும் வந்தார். வந்தவர் பந்தல் ஓரத்தில், செருப்புகள் கிடக்கும் இடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. காப்பி கொண்டுபோனவன்கூட அவரைத் தாண்டிப் போனான். பரணிதரன் ஐயர் சொன்ன இடத்தில் எல்லாம் தர்ப்பையும் எள்ளும் போட்டுக்கொண்டிருந்தானே தவிர, கண் அந்த நாற்காலியிலேயே இருந்தது. செய்தவன் நடுவில் உட்கார்ந்திருக்க, செய்யாதவன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் உருமா கட்டு. தாயை இழந்தவன் தலையில் தாய்மாமன் புது வேட்டியைத் தலைப்பாகையாகக் கட்டிவிடுவது. இனி உனக்கு நான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். சிங்காரவேலு எல்லா வருத்தத்தையும் அடக்கிக்கொண்டு எழுந்து வந்தார். வேட்டியின் ஒரு முனையை அவன் நெற்றியில் வைத்தார்.

பரணிதரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கட்டாதீங்க மாமா. நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார்.

"தியாகராசன் மாமா ரெண்டு தடவ போன் பண்ணினாரு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கட் பண்ணினேன். மேல கூப்பிடக் கூடாதுன்னு நானே ஒரு சட்டம் போட்டுட்டு, அத மீறுறாரேன்னு கோவம். உங்களுக்குச் சொன்னாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது மாமா. தெரியாமலே சொல்லியாச்சு, சொல்லியாச்சுன்னு பந்தல்ல கத்துனேன். புகழேந்தியப் போகவிடல. அக்காவப் பேசவிடல. சுடுகாட்டுல அவரு கேட்டப்பவும் ஞாபகம் இல்லன்னுட்டேன். உங்க அக்காவுக்கு நீங்க கோடி போடாம போனது என்னாலதான். அவர் மேல ஒண்ணும் இல்ல."

போனை எடுத்து அந்த இரண்டு வரியையும் காட்டினான். சிங்காரவேலுவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. வானதிதான் எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சிங்காரவேலு வேட்டியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பந்தல் ஓரத்தைப் பார்த்தார்.

"தியாகு, முன்னாடி வந்து ஒக்காரு" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் தியாகராசனிடம் பேரைச் சொல்லிப் பேசிய முதல் வார்த்தை அது. தியாகராசன் எழுந்து வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயில் உட்கார்ந்தார்.

திட்டுவார் என்று பரணிதரன் காத்திருந்தான். அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. அவர் அவன் பக்கத்திலேயே மெல்ல உட்கார்ந்தார்.

"அந்தத் தாள் எல்லா வீட்டுக்கும் போட்டிருக்கியாமே. நான் செத்தா உனக்கு யாரு சொல்லணும்னு போட்டிருக்க?"

தாளை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அவனுக்கு மனப்பாடம். அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தான்.

"அம்மா" என்றான்.

"அவ போயிட்டாளே. இனிமே?"

பரணிதரன் போனை மறுபடி கையில் எடுத்தான்.

"இனிமே நானே பேசறேன் மாமா. உங்க நம்பரச் சொல்லுங்க, போட்டுக்கறேன்."

சிங்காரவேலு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தாறு வருஷமா உனக்குத் தாய்மாமன். என் நம்பர் உங்கிட்ட இல்லையா மாப்ள?"

"இல்லைங்க மாமா" என்றான் பரணிதரன்.